மெட்ராஸில் ஒரு மோசமான இடம்

வேண்டாம் என்று சொல்லத்தான் சிங்காரவேலு வாயைத் திறந்தார். "சரிங்க முதலாளி" என்று வந்துவிட்டது.

"எனக்குத் தெரியும் வேலு. நீ மாட்டேன்னு சொல்ல மாட்டே" என்றார் முதலாளி வைரக்கண்ணு.

ஊருக்கே தெரிந்த விஷயம் அது. சிங்காரவேலுவுக்கு மாட்டேன் என்ற சொல் தொண்டைவரை வரும். பல்லைத் தாண்டும்போது சரிங்க என்று மாறிவிடும். இப்படித்தான் அவர் பக்கத்து வீட்டுக்காரரின் கிழட்டுப் பசுவை வாங்கினார். இப்படித்தான் கண்ணே தெரியாத நாவிதரிடம் மாதாமாதம் முடிவெட்டிக்கொண்டு வந்தார்.

பெரம்பலூரில் திருச்சி ரோட்டின் மேலேயே இருந்தது வைரக்கண்ணுவின் லாரி ஆபீஸ். அதற்கு மேனேஜர் சிங்காரவேலு. சின்ன வெங்காயமும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போகிற லாரிகள், திரும்பி வரும்போது வெறும் தார்ப்பாயைச் சுமந்துகொண்டு வந்தன. அங்கே உட்கார்ந்து திரும்பும் லோடு பிடிக்க ஆள் கிடையாது. மெட்ராஸிலேயே ஒரு ஆபீஸ் போட்டுவிட வேண்டியதுதான் என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது.

"எடத்தையும் நீயே பாரு. அங்க உக்காரப் போறவன் நீதானே? உன் மனசுக்குப் புடிச்ச எடமா இருக்கணும்" என்றார்.

"சரிங்க முதலாளி."

வீட்டில் செங்கமலம் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, வெள்ளைச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள்.

"சொன்னேன்."

"என்னான்னு?"

"சரிங்கன்னு."

செங்கமலம் சேலையை மடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. அவள் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு ஊர், அவர் ஒரு ஊர். கொஞ்ச காலம் ஜெயங்கொண்டம், அப்புறம் அரியலூர், நடுவில் எங்கேயோ ஒரு மலைமேல். ஞாயிற்றுக்கிழமை புருஷன் பெண்டாட்டியாக இருந்துவிட்டு, திங்கட்கிழமை ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். ஒரு தீபாவளிக்கு, சொல்லாமல் போய் நின்றால் சந்தோஷப்படுவாள் என்று இவர் அரியலூருக்குப் பஸ் ஏற, அதே எண்ணத்தில் அவள் பெரம்பலூருக்குப் பஸ் ஏற, இரண்டு பஸ்ஸும் குன்னத்துக்குப் பக்கத்தில் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போயின. அவர் அங்கே பூட்டைப் பார்த்தார். அவள் இங்கே பூட்டைப் பார்த்தாள்.

எத்தனையோ மனு போட்டு, எத்தனையோ பேர் காலில் விழாத குறையாக நின்று, இப்போதுதான் பெரம்பலூருக்கு மாற்றல் கிடைத்திருந்தது. வீட்டில் சாயங்காலம் இரண்டு டம்ளரில் காபி ஆற்றுவதே அவர்களுக்கு ஒரு புதுப் பழக்கமாக இருந்தது.

"இனிமே போய் மாட்டேன்னு சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? ஒத்துக்கிட்டேனே."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

சிங்காரவேலு மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். வாயால் முடியாததை மூளையால்தான் செய்ய வேண்டும்.

"எடம் பாக்கச் சொல்லியிருக்காரு. நல்ல எடமாப் பாக்கச் சொல்லலியே" என்றார்.

மெட்ராஸில் அவருக்கு அமைந்த தரகர், கொத்தவால்சாவடிப் பக்கம் எந்தச் சந்தில் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று அறிந்தவர். முதலில் அவர் காட்டியது அகலமான தெருவில் தரைத்தளம். வாசலில் லாரி திரும்ப இடம். உள்ளே டெலிபோன்கூட இருந்தது. வேப்பமரம் வேறு.

"எப்படி சார்? சோக்கா கீதா?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் சிங்காரவேலு கவலையோடு. "வேற பாக்கலாம்."

இரண்டாவது இடம் அதைவிட நன்றாக இருந்தது. மூன்றாவது இடத்தில் வீட்டுக்காரர் மோர் கொடுத்தார். சிங்காரவேலு குடித்துவிட்டு வெளியே வந்து தரகரின் தோளைப் பிடித்தார்.

"அண்ணே, வெக்கத்த விட்டுச் சொல்றேன். யாரும் வேண்டாம்னு ஒதுக்கின எடம் ஒண்ணு காட்டுங்க."

"இன்னா சார் சொல்றீங்க?"

"குடிவந்தவன் மறுநாளே ஓடிப்போன எடம் இருக்கும்ல, அந்த மாதிரி."

தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் தொழில் தர்மம் தெரிந்தவர். தகர டிரம் அடிக்கிற பட்டறைக்கு மேலே இருந்த ஒரு மாடி அறைக்குக் கூட்டிப் போனார். படி ஏறும்போதே சிங்காரவேலுவின் மூக்குக் கண்ணாடி ஆடியது. மேலே தரகர் வாயை அசைத்தார்; ஒன்றும் கேட்கவில்லை. சிங்காரவேலு சந்தோஷமாகக் கையால் கும்பிட்டுக் காட்டினார்.

பெரம்பலூர் திரும்பி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு முதலாளி முன்னால் நின்றார்.

"ஒரு எடம்தாங்க அமைஞ்சுது. ஆனா கீழ தகரப் பட்டறை. காதுல இடி விழுந்த மாதிரி சத்தம். மனுசன் பேசறது மனுசனுக்குக் கேக்காது."

வைரக்கண்ணு நாற்காலியில் முன்னால் வந்து உட்கார்ந்தார். "காலையிலேருந்து பொழுது சாயற வரைக்குமா?"

"நடுவுல சோத்துக்குக்கூட நிறுத்தறதில்லீங்க."

"பிரமாதம்" என்றார் முதலாளி. "இங்க பாரு, நம்ம ஆபீஸ் பெஞ்சுல எத்தினி பேரு உக்காந்து ஊர்க்கதை பேசறானுவ. ஒருத்தனாவது லோடு குடுக்கறானா? அங்க ஒரு பய உக்கார மாட்டான். வந்தோமா, எழுதிக் குடுத்தோமா, போனோமான்னு இருப்பான். முடிச்சுடு வேலு."

சிங்காரவேலுவுக்குக் காதில் தகரம் அடிப்பது இப்போதுதான் கேட்டது. அன்று சாயங்காலம் டிரங்க் கால் போட்டதாகச் சொல்லி, போடாமலே வந்து, அந்த இடத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டுவிட்டதாகச் சொன்னார்.

"பாத்தியா? நல்ல எடம்னா நிக்குமா?" என்று முதலாளி வருத்தப்பட்டார். "போவுது விடு. உனக்குத்தான் கண்ணு இருக்கே. அதைவிட நல்லதாப் பாத்துட்டு வா."

அடுத்த தடவை தரகரிடம் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. "போன வாட்டி மாதிரிதானே சார்?" என்று கேட்டுக்கொண்டு நேரே நடந்தார். அவர் கூட்டிப்போன சந்தில் சிங்காரவேலு பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க முடிந்தது. எதிரே வந்த ஒரு சைக்கிள்காரர் இறங்கி, சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "போங்க சார்" என்றார். கடைசியில் ஒரு பழைய வீடு. பங்காளிகள் கேஸ் போட்டு, கேஸ் போட்டவர்கள் கிழவர்களாகி, அவர்கள் பிள்ளைகள் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"லாரி ஆபீசுங்க. லாரியே உள்ள வராது" என்றார் சிங்காரவேலு முதலாளியிடம். இந்த முறை அவருக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது.

"ஜீப்பு?"

"சைக்கிளே வராதுங்க."

"அப்ப லாரிய நிறுத்திக் கேஸ் எழுதற பிரேக் இன்ஸ்பெக்டரும் வர மாட்டான்" என்றார் வைரக்கண்ணு மெதுவாக. அவர் முகத்தில் ஒரு ஒளி பரவியது. "லாரிய மெயின் ரோட்டுல போட்டுட்டு நம்ம ஆளு நடந்து போயிக்கலாம். அவன் எங்கேன்னு வந்து தேடுவான்?"

"முதலாளி, அந்த வூட்டு மேல கேஸ் வேற இருக்குதுங்க."

"முடியற மாதிரி இருக்கா?"

"இப்போதைக்கு முடியாதுங்க."

"அப்படின்னா நம்மள எவனும் காலி பண்ணச் சொல்ல முடியாது!" முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். "வேலு, உன்ன மாதிரி ஒரு ஆளு கெடைக்கணுமே. அடுத்த வாரம் நானே நேர்ல வந்து பாத்து முடிச்சுடறேன்."

முதலாளி நேரில் வந்தால் வழியில் வேப்பமரத்து இடம் கண்ணில் படும்.  மறுநாள் காலையில் சிங்காரவேலு முதலாளி வீட்டுக்கு ஓடிப்போய், "அந்த வூடு இடிஞ்சு விழுந்துடுச்சுங்க" என்றார்.

வைரக்கண்ணுவின் வாயிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றது. "நீ உள்ள நின்னுட்டு வந்த வூடா?"

"ஆமாங்க."

"செல்வம்! ஏ செல்வம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். முதலாளியம்மா செல்வம்மாள் மாவுக் கையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிங்காரவேலுவைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். பூசணிக்காய் வாங்கிவரச் சொல்லி அதையும் உடைத்தார்.

"கம்பெனிக்காக உசிரையே குடுக்கப் பாத்திருக்கானே" என்று முதலாளி சொன்னது தெருவரை கேட்டது. அன்றைக்கே அவர் அரியலூருக்கு ஆள் அனுப்பி ஒரு போர்டு எழுதச் சொன்னார். இடம் முடிவாகவில்லை. ஆனால் போர்டில், மெட்ராஸ் கிளை என்பதற்குக் கீழே, மேனேஜர் என்று அவர் பெயரையே சிவப்புப் பெயிண்டில் எழுதியாகிவிட்டது. அதுவரை ஆள் மாறலாம் என்ற ஒரு நப்பாசையாவது இருந்தது.

போர்டை வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். செங்கமலம் அதைச் சுவரோரம் திருப்பி வைத்தாள்.

"உங்க பேருல கால் விட்டுப்போயிருக்கு. சிங்கரவேலுன்னு இருக்கு" என்றாள்.

"பெயிண்டர் கிட்டச் சொல்லிச் சரி பண்ணணும்."

"நல்லா இருக்குங்க. போவாம இருக்கறதுக்கு வழி பாக்கச் சொன்னா, பேருக்குக் கால் போடப் போறீங்களா?" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி ஞாயித்துக்கிழமைப் பொழப்பு என்னால முடியாதுங்க."

சிங்காரவேலு அன்று தீர ஆலோசித்தார். இதுவரை தான் செய்த தவறு அவருக்குப் புரிந்தது. சத்தம், சந்து, கேஸ் எல்லாம் வியாபாரிக்குப் பயம் தராது. முதலாளி எதற்குப் பயப்படுவார்? சகுனத்துக்கு. பூனை குறுக்கே போனால் லோடு லாரியையே ஓரங்கட்டி, டிரைவரைத் தண்ணீர் குடிக்கவைத்து அனுப்புகிறவர். மெட்ராஸ் போகிற லாரி வடக்கே போக வேண்டும். ஆனால் அவர் லாரி ஒவ்வொன்றும் முதலில் தெற்கே சிறுவாச்சூருக்குப் போய், காளிக்குச் சூடம் காட்டி, அங்கிருந்து திரும்பிவந்து பெரம்பலூரைத் தாண்டித்தான் மெட்ராஸ் போகும். டீசல் போனாலும் போகட்டும் என்பார்.

மூன்றாவது தடவை தரகரிடம் சொன்னார்: "அபசகுனமா ஒரு எடம் வேணும்."

தரகர் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். "ஒண்ணு கீது சார்" என்றார் கடைசியில். "நான் யாருக்கும் காட்டினதில்ல. எனக்கே அந்தப் பக்கம் போவ மனசு வராது."

மிண்ட் தெருவைத் தாண்டி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு நேர் எதிரே இருந்தது அந்தக் கடை. பின்வாசல் என்றால் நோயாளி போகிற வாசல் இல்லை. நோயாளி நோயாளியாக இருப்பது முடிந்தபிறகு வெளியே வருகிற வாசல். கடைக்கு இடது பக்கம் பாடை கட்டுகிறவர். வலது பக்கம் சவப்பெட்டி செய்கிறவர். நடைபாதையில் நாலைந்து பேர் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதுகிறவர் வேலை இல்லாத நேரத்தில் சங்கைத் துடைத்து வெயிலில் வைத்திருந்தார். இவர்கள் போய் நின்றதும், சவப்பெட்டிக்காரர் நட்போடு சிங்காரவேலுவின் உயரத்தைப் பார்த்தார்.

சிங்காரவேலுவுக்கு மனசு நிறைந்தது. "இதேதான்" என்றார்.

தரகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், ஊருல எதுனா பிரச்சனையா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

பெரம்பலூரில் முதலாளி சாமிபடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போய் நின்றார் சிங்காரவேலு. வேண்டுமென்றே வெள்ளிக்கிழமையாகப் பார்த்திருந்தார்.

"எடம் அமைஞ்சுதா வேலு?"

"அமைஞ்சுதுங்க. ஆனா நாக்கு கூசுது சொல்ல. ஒரு பெரியாஸ்பத்திரிங்க. அதுக்கு நேர் எதிர்ல. முன்பக்கம் இல்லீங்க, பின்பக்கம். பொணவறை வாசலு. காலையில கதவத் தொறந்தா மொதல்ல பொணம்தான் எதிர்ல வரும். ரெண்டு பக்கமும் பாடையும் பொட்டியும் செய்யறாங்க."

பூ வைத்த கை நின்றது. வைரக்கண்ணு திரும்பி அவரைப் பார்த்தார். சிங்காரவேலு திட்டுக்குத் தயாராக நின்றார்.

திட்டு வரவில்லை. முதலாளி பக்கத்தில் வந்து, அவர் முகத்தையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் வேலு, இத மொதல்லயே எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"எதைங்க?"

"சரி சரி, விடு. ஆம்பளைக்கு வெக்கம் இருக்கத்தான் செய்யும். நாந்தான் மடையன். லாரியப் பத்தியே நெனச்சேன்." தோளில் தட்டினார். "இதே எடம். மறுபேச்சே கெடையாது. பொணம் எதிர்ல வந்தா நல்ல சகுனம்டா, போ."

சிங்காரவேலு எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

"பொணவறைக்கு எதிர்லன்னு சொன்னீங்களா? தெளிவாச் சொன்னீங்களா?" என்று செங்கமலம் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"பாடையக்கூடச் சொன்னேன் கமலம். அவரு அழுதாரு."

"ஏன் அழுதாரு?"

"பாடைய நெனச்சா இருக்கும்."

மறுநாளே முதலாளி அம்பாசிடரை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் கிளம்பிவிட்டார். டிரைவர் மாயவனையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு முக்கியமான வேலை, பெர்மிட் விஷயம், முடிய நாளாகலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். இடத்தையும் அவரே பேசி முடித்து வெள்ளையடித்துவிடுவார் என்பது சிங்காரவேலுவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இனி இடத்தை மாற்ற முடியாது. ஆளைத்தான் மாற்ற வேண்டும்.

அவருக்குச் சாமிதுரையின் நினைவு வந்தது. சாமிதுரை ஆபீஸில் புக்கிங் கிளார்க். செல்வம்மாளின் அக்கா மகன் என்பது அவனுடைய முக்கியமான தகுதி. வாலிகண்டபுரத்துக்குப் போக வேண்டிய உரத்தை விக்கிரமங்கலத்துக்கு அனுப்பிவிட்டு, "ரெண்டுலயும் எட்டொம்பது எழுத்து வருதுல்ல" என்றவன். அவனுக்குப் பெண் பார்த்துப் பார்த்துச் செல்வம்மாள் ஓய்ந்திருந்தார். அரியலூரில் ஒரு இடம் கூடிவந்து, பையன் பெரம்பலூரிலேயே குமாஸ்தாவாக இருக்கிறான் என்பதால் இழுத்துக்கொண்டிருந்தது.

சிங்காரவேலு முதலாளியம்மாவைப் பார்க்கப் போனார். போகிற வழியெல்லாம், மாட்டேன், மாட்டேன் என்று வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டே போனார்.

"வாங்க தம்பி. மெட்ராஸுக்கு எப்பப் பொறப்பாடு?" என்றார் செல்வம்மாள்.

"அதான் யோசிக்கறேங்கம்மா. நான் போவலாம். ஆனா..." மூச்சை இழுத்துக்கொண்டார். "என்ன இருந்தாலும் நான் வெளியாளு. தூர தேசத்துல ஒரு கடைய நம்பி வுடறதுன்னா, அந்த நாற்காலியில ரத்த சொந்தம் உக்காந்தாத்தான் வெளங்கும்னு அரியலூர் ஜோசியர் சொல்றாருங்க."

"ரத்த சொந்தம்னா?"

"நம்ம சாமிதுரை மாதிரி."

செல்வம்மாளின் கண் விரிந்தது. "அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருக்கா தம்பி?"

"அவனுக்கு இல்லாத சாமர்த்தியமாங்கம்மா?" என்றார் சிங்காரவேலு. இந்தப் பொய் மற்ற எல்லாப் பொய்யையும்விடச் சுலபமாக வந்தது. "மெட்ராஸ் மேனேஜர்னா அரியலூர்ப் பொண்ணு வூட்டுலயும் ஒரு பேச்சு பேச மாட்டாங்க."

அதற்குமேல் அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செல்வம்மாள் எடுத்த காரியத்தை ஆறப்போடுகிறவர் இல்லை.

"அவரு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாமாங்க?" என்று சிங்காரவேலு ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். எம்பேச்சுக்கு மறுபேச்சு உண்டா இந்த வூட்டுல?" என்றார் செல்வம்மாள்.

பெண் வீட்டுக்குச் செய்தி போனது. பெண் வீட்டிலிருந்து தட்டோடு வந்தார்கள். "மெட்ராஸ்லதான் உத்தியோகம். இது என் வாக்கு. இனி மாறாது" என்று செல்வம்மாள் பெண்ணின் அப்பாவிடம் சத்தியம் செய்து கொடுத்தார். நிச்சயதார்த்தத்துக்கு அரியலூரில் நாள் குறித்தார்கள். போர்டிலிருந்த சிங்காரவேலு என்ற பெயரைப் பெயிண்டர் சுரண்டி எடுத்து, சாமிதுரை என்று எழுதினார். அவன் பெயருக்குக் கால் சரியாக விழுந்திருந்தது.

நிச்சயதார்த்தத்தில் சிங்காரவேலுதான் முன்வரிசை. தாம்பூலத் தட்டு கை மாறும்போது அவர் கண் கலங்கியதைப் பார்த்துப் பெண் வீட்டார், பையனிடம் எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள். சாமிதுரை குனிந்து அவர் காலைத் தொட்டான்.

"எனக்காக நாற்காலிய வுட்டுக் குடுத்தீங்களேண்ணே. சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"எதிர்த்தாப்ல பொணவறைடா தம்பி. பாத்து இருந்துக்க."

"பரவால்லண்ணே. கூட்டமா இருக்கும்ல. எனக்குத் தனியா இருக்கத்தான் பயம்."

அன்றைக்கே மெட்ராஸ் போகிற லாரியில் அவனை ஏற்றி, போர்டையும் பின்னால் வைத்து, கை ஆட்டி அனுப்பிவிட்டுத்தான் சிங்காரவேலு அரியலூரில் பஸ் ஏறினார். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்தை வேண்டாம் என்று தட்டிவிட்டிருக்கிறோம் என்ற நினைப்பில், கண்டக்டர் மீதிச் சில்லறை தராததைக்கூடக் கேட்டு வாங்கினார். பெரம்பலூரில் இறங்கி இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டார். சாயங்கால வெயில் இதமாக இருந்தது. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று பேசிவிட்டு வீட்டுத் தெருவுக்குள் திரும்பினார்.

வீட்டு வாசலில் கம்பெனி லாரி நின்றது. பின்கதவு இறங்கியிருந்தது. டிரைவர் மாயவன் ஆட்டுக்கல்லைக் கட்டிப் பிடித்துத் தூக்கி லாரிக்குள்ளே உருட்டிக்கொண்டிருந்தான். பீரோ ஏற்கெனவே ஏறியிருந்தது.

"என்னடா மாயவா, முதலாளியோட மெட்ராஸ் போனவன் எப்ப வந்தே? யாரு சாமான்டா இது?"

"உங்க சாமான்தாண்ணே. முதலாளி அங்கதான் இருக்காரு. என்னைய மட்டும் பஸ் ஏத்தி அனுப்பிச்சாரு, போயி லாரிய எடுத்து மேனேஜர் வூட்டு சாமான ஒண்ணு விடாம ஏத்திக்கிட்டு வான்னு."

"நான் எங்கடா போறேன்? மெட்ராஸ் மேனேஜர் இப்ப சாமிதுரை. அம்மா சத்தியம் பண்ணிட்டாங்க. நிச்சயமே முடிஞ்சுபோச்சு. போர்டு எழுதிப் போயாச்சு."

மாயவன் ஆட்டுக்கல்லிலிருந்து கையை எடுத்தான். "சாமிதுரையா?" என்றான். அப்புறம் வீட்டுக்குள்ளே பார்த்தான். அவன் முகம் சரியில்லை.

சிங்காரவேலு உள்ளே போனார். சாமான் எல்லாம் எடுத்துவிட்டதால் கூடம் பெரிதாகத் தெரிந்தது. நடுவில் டிரங்குப் பெட்டிமேல் செங்கமலம் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"மத்தியானம் என்னைய ரிலீவ் பண்ணிட்டாங்க" என்றாள். "மெட்ராஸுக்கு மாத்தல். உடனே போய்ச் சேரணுமாம். நான் கேக்கவே இல்லீங்க. யாரு போட்டாங்க, எதுக்குப் போட்டாங்கன்னே தெரியல."

"மெட்ராஸ்ல எங்க?"

அவள் சொன்னாள். அந்த ஆஸ்பத்திரியின் பின்வாசலை அவருக்கு நன்றாகத் தெரியும்.

மல்லிகைப்பூப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே சிங்காரவேலு திரும்பினார். வாசற்படியில் மாயவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"முதலாளி மெட்ராஸ்ல ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சது இதுக்குத்தாண்ணே, 'நர்ஸுப் பொண்டாட்டியப் பிரிய மனசில்லாம ஆஸ்பத்திரி வாசலாத் தேடிப் புடிச்சிருக்கான், வாயத் தொறந்து கேக்கத்தான் அவனுக்குத் தெரியல'ன்னு வழியெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாரு."